இரவல் திசுவை உடல் எப்போது ஏற்கிறது?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிட்டாக வேண்டும். முழங்காலில் ஜவ்வு கிழிந்து, இறந்த ஒருவரின் தசைநாணைப் பொருத்திக்கொண்டவருக்கு அப்படி ஒரு மாத்திரைகூடத் தேவைப்படுவதில்லை. எலும்பு, தோலின் உள்ளடுக்கு, இதய வால்வு, குருத்தெலும்பு ஆகியவற்றிலும் பெரும்பாலும் இதே நிலைதான். எல்லாமே இன்னோர் உடலிலிருந்து வந்தவை. சில, விலங்கின் உடலிலிருந்து வந்தவை. உடல் இவற்றை ஏன் விட்டுவைக்கிறது? உண்மையிலேயே விட்டுவைக்கிறதா?

பாடநூல் தரும் விடை சுருக்கமானது. இணைப்புத் திசுவில் செல்கள் குறைவு, அவை சுரந்து வைத்த இடைப்பொருள் அதிகம். அந்த இடைப்பொருளின் முதன்மைப் புரதமான கொலாஜன், பாலூட்டி இனங்களுக்கிடையே அதிகம் வேறுபடுவதில்லை. ‘இவன் அந்நியன்’ என்று காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. போன்ற அடையாளப் புரதங்கள் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. ஆகவே செல்லை நீக்கிவிட்டுக் கட்டமைப்பை மட்டும் பொருத்தினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதே எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பில் பாதி நிறைவேறியிருக்கிறது. மீதிப் பாதி ஏன் நிறைவேறவில்லை என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

உயிருள்ள ஒட்டா, உயிரற்ற சட்டமா?

எலும்பு ஒட்டு பற்றிய வாதம் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தொடங்கியது. லியோன் நகரத்து அறுவை மருத்துவர் ஒலியே, ஒட்டப்படும் எலும்பும் அதன் மேலுறையும் உயிரோடிருந்து வளர்கின்றன என்றார். ஒட்டிய எலும்பு செத்துப்போகிறது, நோயாளியின் திசு மெல்ல அதற்குள் புகுந்து பழையதை அரித்துப் புதியதைக் கட்டுகிறது என்றார் பார்ட். ஆக்ஸ்ஹாசன் போன்றோர் பின்னர் நுண்ணோக்கியில் கண்டது, பெருமளவுக்குப் பார்ட் சொன்னது சரி, மேலுறையைப் பொறுத்தவரை ஒலியே சொன்னதிலும் உண்மை உண்டு என்பதைத்தான். இதற்கிடையே கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன், மேற்கை எலும்பை நோயில் இழந்த ஒரு சிறுவனுக்குப் பிற குழந்தைகளின் கால்களிலிருந்து வெட்டியெடுத்த எலும்புத் துண்டுகளைப் பொருத்தி, 1881இல் அந்த வெற்றியை வெளியிட்டார். ஒட்டை நிராகரிப்பது எதிர்ப்பாற்றல்தான் என்ற கருத்தே உருப்பெறாத காலம் அது.

அந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்ததும் கிளாஸ்கோதான். 1943இல் கிப்சனும் பீட்டர் மெடவாரும், தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை இரண்டு முறை ஒட்டிப் பார்த்ததன் விவரத்தை வெளியிட்டார்கள். இரண்டாம் முறை ஒட்டிய தோல் முதல் முறையைவிட விரைவாக அழிந்தது. உடல் முதல் அனுபவத்தை நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். நிராகரிப்பு நோயெதிர்ப்பின் வேலை என்பதற்கு இது உறுதியான ஆதாரமாயிற்று. 1960இல் மெடவாருக்கும் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்ததற்குப் பின்னணியில் இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகள் இருந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோல் ஒட்டு உயிரோடிருந்தால்தான் பயன். எலும்பு ஒட்டு செத்திருந்தாலும் பயன் தரும். மெடவாரின் விதி செல் நிறைந்த திசுக்களுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே எலும்புக்கும் தசைநாணுக்கும் நீட்டியதும், பிறகு அதே வேகத்தில் ‘இவற்றுக்கு அந்த விதியே பொருந்தாது’ என்று ஒதுக்கியதும் இரண்டுமே அவசர முடிவுகள் என்று இன்று சொல்லலாம்.

குளிரும் உலர்த்தலும்

அமெரிக்கக் கடற்படை 1949இல் பெதஸ்டாவில் ஜார்ஜ் ஹயாட்டின் முயற்சியில் ஒரு திசு வங்கியைத் தொடங்கியது. உறைய வைத்து, வெற்றிடத்தில் நீரை ஆவியாக்கி உலர்த்தும் முறை அங்கே எலும்புக்கும் தோலுக்கும் பழகிப்போனது. சேமிக்க வசதியாக இருக்கிறது என்பதற்காகச் செய்த வேலை அது. ஆனால் உறைந்த எலும்பு புதிய எலும்பைவிடக் குறைவாகவே எதிர்ப்பைத் தூண்டுவதும், உலர்த்தியது இன்னும் குறைவாகத் தூண்டுவதும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தன. உறையும்போது பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுகின்றன; கொலாஜன் சட்டம் தப்பிவிடுகிறது.

தப்பியதற்கும் விலை உண்டு. உலர்ந்த எலும்பு எளிதில் நொறுங்கும். பாஸ்டனில் ஹென்றி மான்கினும் உடன் பணியாற்றியவர்களும் எலும்புப் புற்றுநோயில் இழந்த பகுதிகளுக்குப் பெரிய அளவில் உறைந்த கொடை எலும்புகளைப் பொருத்தினார்கள். அங்கே பெரும் தொல்லைகளாக வந்தவை தொற்று, முறிவு, எலும்பு ஒட்டாமை ஆகியவை. இவற்றில் எத்தனை பங்கு மறைமுகமான எதிர்ப்பாற்றலுடையது என்பதைப் பிரித்துச் சொல்வது கடினமாகவே இருந்துவருகிறது. காய்ச்சலும் வீக்கமுமாய் வராத நிராகரிப்பு, வெறுமனே மெதுவாக ஒட்டும் எலும்பாகவும் தோற்றம் காட்டலாம்.

எதிர்ப்பைத் தூண்டுவதில் எலும்பு மஜ்ஜைக்குள்ள பங்கைக் காட்டிய சம்பவம் வேறொரு துறையிலிருந்து வந்தது. 1985இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இறந்த ஒரு கொடையாளருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது; அப்போதைய சோதனையில் அது பிடிபடவில்லை. பின்னாளில் தேடிப் பார்த்தபோது, பதப்படுத்தாத உறைந்த எலும்பைப் பெற்ற மூவருக்குத் தொற்று பரவியிருந்தது. எத்தனால் தோய்த்து உலர்த்திய எலும்பு பெற்றவர்களில் சோதிக்கப்பட்டவர்களுக்கு இல்லை. மஜ்ஜையை நீக்கிய உறைந்த எலும்பு பெற்ற ஒருவருக்கும் இல்லை. தொற்றும் எச்.எல்.ஏ. அடையாளமும் எலும்பில் குடியிருக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான்: மஜ்ஜையும் இரத்தமும். அழுத்த நீரால் மஜ்ஜையைப் பீய்ச்சிக் கழுவும் இன்றைய வழக்கம் ஒரே வேலையில் இரண்டு ஆபத்தையும் குறைக்கிறது.

இதே வரிசையில் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டியதையும் வைத்துப் பார்க்க வேண்டும். அமிலத்தில் சுண்ணாம்புச் சத்தை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால், அங்கே புதிய எலும்பு முளைத்தது. உயிரற்ற சட்டத்திலும் செல்களுக்கான கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று அது உணர்த்தியது. பதப்படுத்துவது என்பது எதை நீக்குவது என்ற கேள்வியாக மட்டும் இனி இருக்க முடியாது என்று ஆனது அப்போதுதான்.

பதனிடும் வழி

இதய வால்வில் கதை வேறு பாதையில் போனது. 1962இல் லண்டனில் டொனால்ட் ராஸும் ஆக்லாந்தில் பாரட்-பாய்ஸும் மனித வால்வுகளைப் பொருத்தினார்கள். மனித வால்வு தேவைக்குக் கிடைக்காது. பாரிஸில் 1965இல் பன்றி வால்வுகளை ஃபார்மலினும் பாதரச உப்பும் கலந்த கரைசலில் பதப்படுத்திப் பொருத்திப் பார்த்தார்கள். அவற்றில் பல விரைவிலேயே பழுதடைந்தன. அலென் கார்ப்பாந்தியே 1960களின் இறுதியில் குளூட்டரால்டிஹைடுக்கு மாறினார். அது கொலாஜன் இழைகளிலுள்ள லைசின் முனைகளைப் பிடித்து ஒன்றோடொன்று முடிச்சுப்போடுகிறது. இழை இறுகுகிறது, நொதிகளால் எளிதில் அரிக்க முடியாமல் போகிறது, வெளியே தெரிந்த அடையாளங்கள் மூடப்படுகின்றன. வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுவோர் அறிந்த வேதியியல்தான் இது. தோல் தொழிற்சாலைக்கும் வால்வு ஆலைக்கும் பொதுவான வேதிப்பொருள் குளூட்டரால்டிஹைடு.

இன்றும் விலங்கு வால்வுகளில் பெரும்பாலானவை இந்த வழியில் செய்யப்படுபவை. முதியவர்களிடம் பத்து, பதினைந்து ஆண்டுகள் நன்றாக ஓடுகின்றன. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் அவற்றில் சுண்ணாம்பு படிந்து சில ஆண்டுகளிலேயே கெட்டிப்படுகின்றன. விளக்கம் கேட்டால் இரண்டு விடைகள் வரும். வேதியியல் விடை: எஞ்சிய ஆல்டிஹைடும் செத்த செல்களின் பாஸ்போலிப்பிடுகளும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நோயெதிர்ப்பியல் விடை: மூடப்பட்டதாக நினைத்த அடையாளங்கள் முழுதாக மூடப்படவில்லை; எதிர்ப்பொருள்கள் மெல்ல வேலை செய்கின்றன. வெகுகாலம் முதல் விடையே செல்வாக்கோடு இருந்தது. வால்வைச் சோதித்தவர்கள் நிராகரிப்பின் வழக்கமான தோற்றத்தைத் தேடினார்கள், காணவில்லை, ஆகவே இல்லை என்று முடிவு கட்டினார்கள். இந்த முடிவு அவசரமானது என்பதே என் கருத்து. அதற்கான சான்று கீழே வருகிறது.

பதனிடுவதில் இன்னொரு குறை உண்டு. இறுகிய திசுவுக்குள் நோயாளியின் செல் நுழைய முடியாது. வால்வு வளராது, தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு வைக்கும் வால்வு அதன் பதினைந்து வயது உடலுக்குச் சிறியதாகிவிடும்.

செல்லைக் கழுவி எடுத்தல்

ஆகவே 1980கள் முதல் முயற்சி திசை மாறியது. அடையாளத்தை மூடிவைப்பதற்குப் பதில் அதைத் தாங்கியிருக்கும் செல்லையே வெளியேற்றுவது. ஒரு கொடைத் தசைநாண் இந்த வழியில் எப்படித் தயாராகிறது என்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் சில முறை உறையவைத்து உருக்குவார்கள். செல் சவ்வு உடையும். பிறகு உப்புச் செறிவு குறைந்த நீரில் ஊறவைப்பார்கள். செல் உப்பி வெடிக்கும். அடுத்தது டிடர்ஜெண்ட்: பற்பசையிலும் ஷாம்புவிலும் இருக்கும் சோடியம் டோடெசில் சல்ஃபேட் அல்லது மென்மையான ட்ரைட்டான். அது சவ்வைக் கரைத்து இழுத்துச்செல்லும். செல் உடைந்ததும் வெளியே வரும் டி.என்.ஏ. பிசின்போல இழைகளில் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்ட நியூக்ளியேஸ் நொதி. பின்னர் நாள்கணக்கில் கழுவல். டிடர்ஜெண்ட் எஞ்சினால் புதிதாக வரும் செல்களையும் அது கொன்றுவிடும். இறுதியில் பெரசெட்டிக் அமிலம் போன்ற ஒன்றில் கிருமிநீக்கம். எல்லாம் முடிந்தபின் மேசையில் கிடப்பது வெண்ணிறமான, வழுக்கும், பார்வைக்குப் பழையபடியே இருக்கும் ஒரு தசைநாண். அதற்குள் உயிர் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு படியிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. டிடர்ஜெண்ட் கடுமையானால் செல் முழுதாகப் போகும். கூடவே நீரைப் பிடித்துவைக்கும் கிளைக்கோஅமினோகிளைக்கான்களும் வளர்ச்சிக் காரணிகளும் போகும். மென்மையானால் சட்டம் தப்பும், செல்லின் எச்சமும் தங்கும். தடிமனான தசைநாணின் நடுவே கரைசல் எட்டுவது மெல்லிய தோல் அடுக்கில் எட்டுவதைவிடக் கடினம். எல்லாத் திசுவுக்கும் பொருந்தும் ஒரே செய்முறை இதனாலேயே கிடையாது.

செல் போய்விட்டதா என்று எப்படி அறிவது? 2011இல் கிராபோ, கில்பர்ட், பாடிலாக் ஆகியோர் முன்வைத்த வரம்பு இன்று அதிகம் மேற்கோள் காட்டப்படுவது: உலர்ந்த சட்டத்தின் ஒரு மில்லிகிராமுக்கு இரட்டைச்சர டி.என்.ஏ. 50 நானோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எஞ்சும் துண்டுகள் 200 இணைகளைத் தாண்டக் கூடாது. சாயமேற்றிப் பார்த்தால் செல் உட்கரு தெரியக் கூடாது. பயனுள்ள அளவுகோல், ஐயமில்லை. ஆனால் எதிர்ப்பாற்றல் டி.என்.ஏ.வை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. சவ்வுத் துணுக்குகள், சர்க்கரைச் சங்கிலிகள், டிடர்ஜெண்ட் எச்சம் ஆகியவற்றைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. எளிதில் அளக்க முடிவதால் டி.என்.ஏ. அளவுகோலாயிற்று என்பதை மறந்துவிட்டால், 50 என்ற எண் பாதுகாப்புக்கான உத்தரவாதம்போலத் தோன்றத் தொடங்கும்.

‘செல் நீங்கிவிட்டது’ என்று நம்பிவிடுவதன் விலை என்ன என்பதை, அந்த அளவுகோல் வருவதற்கு முன்பே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் சொல்கின்றன. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓர் ஆய்வுக் குழு, செல்லற்றது என்று தோள்பட்டை அறுவையில் பயன்படுத்தப்பட்ட பன்றிக்குடல் சவ்வில் பன்றி டி.என்.ஏ. இருப்பதையும், அது அழற்சியை உண்டாக்குவதையும் காட்டியது. இதைவிடத் துயரமானது வியன்னாவில் நடந்தது. செல் நீக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பன்றி வால்வு 2001இல் நான்கு குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டது. மூன்று குழந்தைகள் இறந்தார்கள். நான்காவது குழந்தையிடமிருந்து வால்வு முன்னெச்சரிக்கையாக அகற்றப்பட்டது. 2003இல் மருத்துவர்கள் இதை மறைக்காமல் வெளியிட்டார்கள். எடுத்த வால்வுகளில் கடுமையான அழற்சி இருந்தது. பொருத்தப்படாத மாதிரிகளைச் சோதித்தபோது செல்கள் முழுதாக நீங்கவில்லை என்றும் சுண்ணாம்புப் படிவு முன்பே இருந்தது என்றும் தெரிந்தது. இந்தத் துறையில் யார் எழுதினாலும் முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அறிக்கை இதுதான்.

இதற்கு நேர்மாறாக, மனித வால்விலிருந்து செல் நீக்கிப் பொருத்தும் ஹனோவர் குழுவின் முடிவுகள் நுரையீரல் தமனி வால்வைப் பொறுத்தவரை ஊக்கம் தருகின்றன. இளம் நோயாளிகளிடமும் மறு அறுவையின் தேவை குறைவாகவே இருந்திருக்கிறது. ஒரே கோட்பாட்டில் ஒன்று இத்தனை மோசமாகவும் மற்றது இத்தனை நன்றாகவும் முடிந்ததற்கு இனம் ஒரு காரணம், கழுவலின் முழுமை இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று பிரிப்பதற்கு இவ்விரு அனுபவங்கள் மட்டும் போதா.

ஒரு சர்க்கரையும் காப்பிக்கொட்டையும்

இனம் ஏன் முக்கியம்? பன்றி, மாடு போன்ற பெரும்பாலான பாலூட்டிகளின் செல்களிலும் இடைப்பொருளிலும் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை முனை உண்டு. மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் ஆகியோரிடம் இல்லை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இதே முனையைத் தாங்கியிருப்பதால், அதற்கெதிரான எதிர்ப்பொருள் நம் இரத்தத்தில் எப்போதும் சுற்றுகிறது. மொத்த எதிர்ப்பொருளில் ஏறத்தாழ 1 விழுக்காடு. பன்றித் திசு உள்ளே வரும்முன்பே எதிர்ப்பு தயார். செல்லைக் கழுவினாலும் இந்தச் சர்க்கரை புரதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடும்.

உரி கலிலி என்ற நோயெதிர்ப்பியலாளரும் சான் ஃபிரான்சிஸ்கோவின் எலும்பு மருத்துவர் கெவின் ஸ்டோனும் இதற்கொரு வழி கண்டார்கள். பச்சைக் காப்பிக்கொட்டையில் காணப்படும் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியால் பன்றித் தசைநாணிலிருந்து அந்த முனையைக் கத்தரித்துவிட்டு, குளூட்டரால்டிஹைடில் இலேசாக மட்டும் இறுக்குவது. முழுதும் பதனிடாததால் நோயாளியின் செல்கள் உள்ளே புகலாம். 2007இல் வெளியான முதற்கட்ட மனித ஆய்வு கவனத்துக்குரியது. அந்தச் சர்க்கரை நீங்கியபின்னும் மற்றப் பன்றிப் புரதங்களுக்கெதிராக எதிர்ப்பொருள்கள் சில மாதங்கள் உயர்ந்து, சுமார் இரண்டு ஆண்டில் அடங்கின. அதாவது எதிர்ப்பு இருந்தது. ஆனால் திசு மெதுவாகப் புதுப்பிக்கப்படுவதற்கு இடம் விடும் அளவில் இருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர் என்பதால் இதை ஒரு சாத்தியத்தின் அறிகுறியாக மட்டுமே கொள்ளலாம்.

ஆல்ஃபா-கேல் ஒன்றுதான் தடை என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. மனிதர் இழந்துவிட்ட இன்னொரு சர்க்கரையான நியூ5-ஜி.சி. மீதும் நமக்கு எதிர்ப்பொருள் உண்டு. 2022இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, விலங்கு வால்வு வைத்தவர்களிடம் இவ்விரு சர்க்கரைகளுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் வால்வில் சுண்ணாம்பு படிவதோடு தொடர்புடையவை என்று வாதிட்டது. குளூட்டரால்டிஹைடு வால்வில் எதிர்ப்பாற்றலுக்கு வேலையில்லை என்ற பழைய முடிவை இது அசைக்கிறது. சர்க்கரையை ஆலையில் வெட்டுவதைவிட அது உருவாகாத பன்றியையே வளர்க்கலாம் என்போர் உண்டு. ஆல்ஃபா-கேல் இல்லாத பன்றிக்கு அமெரிக்க மருந்துத் துறை 2020 டிசம்பரில் ஒப்புதல் வழங்கியது. அதன் திசு மருத்துவப் பொருளாக ஆவதற்குத் தனி ஒப்புதல் தேவை.

செல்லை விட்டுவைக்கும் கட்சி

எல்லோரும் செல்லைத் துரத்துவதில்லை. டொரொண்டோவில் 1970கள் முதல் ஆலன் கிராஸ் குழுவினர் முழங்காலில் பொருத்தும் குருத்தெலும்பை உறையவைக்காமல், அதன் செல்கள் உயிரோடு இருக்கும்படியே பொருத்திவந்தனர். குருத்தெலும்பில் இரத்த நாளம் இல்லை; செல்கள் அடர்ந்த இடைப்பொருளுக்குள் புதைந்திருக்கின்றன; எதிர்ப்புச் செல்கள் அங்கே எட்டுவதில்லை. செல் செத்தால் குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்துவிடும் என்பதால் இங்கே உயிர் ஒரு தேவை. அடியிலிருக்கும் எலும்பின் மஜ்ஜையை மட்டும் கழுவிவிடுவார்கள்.

வால்விலும் உறைநிலையில் செல்களோடு பாதுகாக்கும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. உயிருள்ள செல் வால்வைப் பேணும் என்பது அதன் வாதம். ஆனால் இதயக் குறையோடு பிறந்து அத்தகைய வால்வு பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள்கள் பெருமளவு உயர்வதைக் கண்டார்கள். அந்தக் குழந்தைக்குப் பின்னொரு நாள் இதயமே மாற்ற வேண்டியிருந்தால் பொருந்தும் கொடையாளர் கிடைப்பது அரிதாகிவிடும். வால்வு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவர்கள் கவனிக்காத இழப்பு இது. செல் நீக்கிய மனிதத் திசுவில் இந்த உயர்வு மிகக் குறைவு என்பது அந்த முறைக்கு ஆதரவான வலுவான வாதங்களில் ஒன்று.

சண்டையின் வகை

2000களின் பிற்பகுதியில் பாடிலாக் குழு கேள்வியையே மாற்றிக் கேட்டது. எந்த ஒட்டும் எதிர்ப்பே இல்லாமல் போவதில்லை. வரும் விழுங்கு செல்கள் எந்த வகை என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறதா? அழித்து வீக்கத்தைத் தூண்டும் வகையும், சீர்செய்து புதிதாகக் கட்டும் வகையும் உண்டு. செல் நீக்கிய, வேதிமுறையில் இறுக்காத சட்டங்களில் இரண்டாம் வகை மேலோங்குவதும், இறுக்கியவற்றில் முதல் வகை நீடிப்பதும் விலங்குகளில் தெரிந்தன. இந்தப் பார்வையில் முழு மௌனம் ஒரு நல்ல குறிக்கோளாகாது. விழுங்கு செல் வராவிட்டால் பழைய சட்டம் கரையாது, புதியது உருவாகாது. இருவகைப் பிரிப்பு எளிமைப்படுத்தியது என்பதை அதன் ஆதரவாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள்: உடலில் இவை இரு முனைகள், இடையே பல நிலைகள்.

கிருமிநீக்கமும் வலுவும்

பொருத்தும் முன் கிருமி நீங்கியாக வேண்டும். 2001இல் மினசோட்டாவில் 23 வயது இளைஞர் ஒருவர், முழங்காலில் பொருத்திய கொடைத் திசுவிலிருந்த குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியாவால் இறந்தார். அதன்பின் விதிகள் இறுகின. காமா கதிரில் 25 கிலோகிரே என்பது பழகிய அளவு. அது கிருமியைக் கொல்லும், கொலாஜனையும் வெட்டும்; தசைநாண் பலமிழக்கும். மூளையுறைச் சவ்வு ஒட்டுகள் வழியே பரவிய க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேகப் நோய், கதிராலும் போகாத ஆபத்து உண்டு என்பதைக் காட்டியது. ஜப்பானில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இளம் விளையாட்டு வீரர்களிடம் கொடைத் தசைநாண் சொந்தத் தசைநாணைவிட அதிகமாக அறுந்துபோவதாக ஆய்வுகள் சொல்வதில், கதிரின் பங்கும் மெதுவான புதுப்பித்தலின் பங்கும் கலந்திருக்கின்றன.

நம் பகுதியில்

பன்னாட்டு அணுசக்தி முகமையின் துணையோடு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988இல் திசு வங்கி அமைந்தது. கண்தானத்தில் உலகறிந்த இலங்கையும் அதே முகமையின் உதவியோடு கொழும்பில் மனிதத் திசு வங்கி கட்டியது. இரண்டிலும் கதிர்வீச்சுக் கிருமிநீக்கமே அடித்தளம். இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் 2011 திருத்தத்துக்குப் பின் திசுக்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல் நீக்கிய காயம் ஆற்றும் சட்டத்தை உருவாக்கி ஒப்புதலும் பெற்றது. கொடைத் திசு கிடைப்பதே அரிதாயிருக்கும் நாட்டில் விலங்குத் திசுவின் மீதான நாட்டம் இயல்பானது. அதனாலேயே ஆல்ஃபா-கேல் பற்றிய கேள்வி இங்கே கூடுதல் கவனம் பெற வேண்டும்.

இன்னும் முடியாதவை

இதுவரையான சான்றுகளை வைத்து ஓரளவு உறுதியோடு சொல்லக்கூடியவை சில. மனித எலும்பும் தசைநாணும், மஜ்ஜையும் செல்லும் குறைக்கப்பட்ட நிலையில், மருந்தின்றிப் பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. விலங்குத் திசுவுக்கு அந்த அளவு உறுதி இல்லை. வேதிமுறை இறுக்கம் ஆயுளைத் தரும், உயிரைத் தராது.

இதற்கு அப்பால் எல்லாம் விவாதத்தில்தான். எஞ்சிய செல்லுக்கான வரம்பு எத்தனை, அது திசுவுக்குத் திசு மாறுமா? எலியிலும் ஆட்டிலும் பார்க்கும் பதில் மனிதரைக் குறித்து எவ்வளவு சொல்லும்? ஆல்ஃபா-கேல் தாங்கியிருக்கும் ஆட்டுக்கு அதற்கெதிரான எதிர்ப்பொருளே கிடையாது. பன்றித் திசு ஆட்டில் நன்றாயிருந்தது என்ற செய்தியின் எடை அதனாலேயே குறைகிறது. நுரையீரல் பக்கத்துக் குறைந்த அழுத்தத்தில் தாக்குப்பிடிக்கும் செல்லற்ற வால்வு, மகாதமனியின் அழுத்தத்தில் இருபது ஆண்டு நிற்குமா என்பதற்கு இருபது ஆண்டு காத்திருந்துதான் விடை காண முடியும். அதுவரை வளரும் குழந்தைக்கு எந்த வால்வை வைப்பது என்ற முடிவை, இந்தக் கேள்விகள் தீராமலேயே ஒவ்வொரு வாரமும் அறுவை மருத்துவர்களும் பெற்றோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.